கேட்கத் தெரிந்த டீச்சர்

1936ஆம் ஆண்டு. பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் விழுந்த அமெரிக்கா இன்னும் எழுந்து நிற்கவில்லை. படிப்பையும் விட்டு, வேலையும் கிடைக்காமல் லட்சக்கணக்கான இளைஞர்கள் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்காக முந்தைய ஆண்டு தொடங்கப்பட்டதுதான் தேசிய இளைஞர் நிர்வாகம். அதன் ஆலோசனைக் குழு வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முன்னால் அமர்ந்து, இதுவரை நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. குழுவில் இருந்த கறுப்பினப் பெண்மணியின் முறை வந்தது. அப்போது அவருக்கு வயது 60. மாதம் 15, 20 டாலர் உங்களுக்குச் சில்லறையாகத் தெரியலாம், ஆயிரக்கணக்கான எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் மீட்சி என்ற கருத்தில் பேசினார். இது போதாது, இன்னும் வேண்டும் என்றும் கேட்டார். பேசி முடித்தபோது ரூஸ்வெல்ட்டின் கண்கள் கலங்கியிருந்தனவாம்.

இந்தச் சம்பவம் நமக்குக் கிடைத்திருப்பது அந்தப் பெண்மணி பிற்காலத்தில் சொன்னதிலிருந்துதான். மேரி மெக்லவுட் பெத்யூன் தன்னைப் பற்றிச் சொன்ன கதைகளில் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்பது நல்லது. நிதி திரட்டியே காலம் தள்ளியவர் அவர். ஒரு கதையை எங்கே நிறுத்தினால் கேட்பவர் கை சட்டைப்பைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அடுத்து நடந்தது அரசாங்கப் பதிவில் இருக்கிறது. அதே ஆண்டு அந்த நிர்வாகத்தில் கறுப்பினத்தவருக்கெனத் தனிப் பிரிவு உருவானது. அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. அமெரிக்க மத்திய அரசில் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அதற்கு முன்பு அவர் பார்த்த வேலை? பள்ளிக்கூட டீச்சர்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பெத்யூனின் வாழ்க்கையைப் படித்தால் அந்த வாய் எத்தனை விதமாகப் பேசியது என்பதுதான் வியப்பாக இருக்கிறது. சோப்பு முதலாளியிடம் ஒரு மாதிரி, ரயில்பாதை போடும் கூலியிடம் ஒரு மாதிரி, ஜனாதிபதியிடம் வேறு மாதிரி. கேட்டது மட்டும் எல்லோரிடமும் ஒன்றே.

பருத்திக் காட்டிலிருந்து

1875 ஜூலை 10 அன்று தென் கரோலினா மாநிலத்தின் மேஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். சாமுவேல், பேட்ஸி தம்பதிக்கு 17 பிள்ளைகள், இவர் 15ஆவது. பெற்றோரும் மூத்த பிள்ளைகள் பலரும் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமை முறை ஒழிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. குடும்பத்துக்குச் சொந்தமாக 5 ஏக்கர் பருத்தி நிலம் இருந்தது. தாய், தன் பழைய எஜமானர் வீட்டில் தொடர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் கூடப் போன சிறுமி மேரி அங்கே கிடந்த ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அந்த வீட்டுப் பெண் குழந்தை, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, கீழே வை என்று சொல்லிவிட்டது. பெத்யூன் ஆயுள் முழுக்க மேடையில் சொன்ன கதை இது. கோபத்தைவிட ஒரு கணக்கு இதில் தெரிகிறது. வெள்ளையருக்கும் தங்களுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்தறிவுதான் என்று அந்த வயதில் முடிவு கட்டிவிட்டாள் அவள்.

பிரஸ்பிட்டேரியன் சபை ஒரு மிஷன் பள்ளி திறந்தது. எம்மா வில்சன் என்ற கறுப்பின ஆசிரியை நடத்திய பள்ளி. வீட்டிலிருந்து ஐந்து மைல் நடை. எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பக் குடும்பத்துக்கு வசதி இல்லை. மேரி மட்டும் போனாள். அங்கே கற்றதைச் சாயங்காலம் வந்து வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தாள். பருத்தி விற்கும்போது எடையும் விலையும் சரிதானா என்று பார்த்துச் சொல்ல அக்கம்பக்கத்தாருக்கு ஓர் ஆள் கிடைத்தது. தராசுக்காரனை எதிர்த்துக் கேட்க அந்தச் சிறுமியின் கணக்கு போதுமானதாக இருந்தது.

அதற்கு மேல் படிக்க வைத்தவர், இவரை நேரில் பார்த்தே இராத ஒருவர். கொலராடோ மாநிலத்தின் டென்வரில் தையல் வேலை செய்துவந்த மேரி கிறிஸ்மன் தன் சேமிப்பிலிருந்து ஒரு கறுப்பினச் சிறுமியின் படிப்புக்குப் பணம் கொடுக்க முன்வந்தார். அந்தப் பணம் இவரை வட கரோலினாவின் ஸ்கோஷியா செமினரிக்கு அனுப்பியது. 1894இல் படிப்பு முடிந்து, சிகாகோவில் மூடி வேதாகமப் பள்ளியிலும் சேர்ந்தார். மிஷனரியாக ஆப்பிரிக்கா போக வேண்டும் என்பதுதான் கனவு. சபைக்கு விண்ணப்பித்தார். கறுப்பின மிஷனரிகளுக்கு அங்கே இடம் இல்லை என்று பதில் வந்தது. ஆப்பிரிக்காவுக்குக் கறுப்பினத்தவரையே அனுப்பமாட்டார்கள்! வாழ்க்கையில் தனக்கு ஏற்பட்ட மிகப் பெரிய ஏமாற்றம் அதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில் லூசி லேனி நடத்திய பள்ளியில் வேலை. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்து, ஒரு பெரிய பள்ளியையே கட்டி எழுப்பிய பெண்மணி லேனி. ஆப்பிரிக்காவைத் தேடிப் போக வேண்டியதில்லை, வேலை இங்கேயே கிடக்கிறது என்பதை பெத்யூன் அங்கேதான் கண்டுகொண்டார். நடுவில் திருமணம், ஒரு மகன். கணவர் சில ஆண்டுகளில் பிரிந்து போய்விட்டார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

ஒன்றரை டாலர் பள்ளிக்கூடம்

ஃபுளோரிடாவின் கடற்கரை ஊர் டேடோனா. குளிர்காலம் வந்தால் வடக்கிலிருந்து பணக்காரர்கள் வந்து தங்கும் இடம். அந்தக் கரையோரமாக ரயில்பாதை நீண்டுகொண்டிருந்தது. கட்டுமான வேலைக்குக் கறுப்பினக் கூலிக் குடும்பங்கள் வந்து குவிந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பணம் இருக்கும் இடம், தேவை இருக்கும் இடம் இரண்டும் ஒரே ஊரில். பெத்யூன் டேடோனாவைத் தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்கு இல்லை என்று நம்புவது கஷ்டம்.

1904 அக்டோபர் 3. கையில் இருந்தது ஒன்றரை டாலர். மாதம் 11 டாலர் வாடகைக்கு ஒரு சின்ன வீடு. ஐந்து பெண் குழந்தைகளோடும் தன் மகனோடும் பள்ளி தொடங்கியது. மளிகைக்கடைச் சரக்குப் பெட்டிகளே மேசை, நாற்காலி. கரிந்த மரக்குச்சி பென்சில். எல்டர்பெரிப் பழத்தைப் பிழிந்து எடுத்த சாறு மை. மரங்களில் சடைசடையாகத் தொங்கும் ஸ்பானிஷ் பாசியைப் பறித்து, காயவைத்து, சாக்கில் அடைத்தால் மெத்தை. ஹோட்டல்களின் பின்புறத்தில் வீசப்பட்ட உடைந்த கோப்பை, கால் போன நாற்காலி எதையும் விடவில்லை. பொறுக்கி வந்து, கழுவி, ஒட்டவைத்துப் பயன்படுத்தினார்.

வருமானத்துக்கு ரயில்பாதைக் கூலிகள். சர்க்கரைவள்ளிக்கிழங்கை மசித்து மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை'யும் ஐஸ்கிரீமும் செய்து அவர்களிடம் விற்றார். அப்படி விற்ற பணத்தில் முன்பணம் கட்டி, ஊர்க் குப்பை கொட்டும் இடமாக இருந்த ஒரு சதுப்பு நிலத்தை வாங்கினார். ஊரார் அதற்கு வைத்திருந்த பெயர் நரகக் குழி. 1907இல் அங்கே முதல் கட்டடம் எழுந்தது. விசுவாச மண்டபம் என்று பெயர் வைத்தார். விசுவாசத்தைத் தவிர வேறு மூலதனம் இல்லாததால் பொருத்தமான பெயர்தான்.

பணக்காரர்களைப் பிடித்த விதம் தனிக் கதை. சைக்கிளில் போய்க் கதவைத் தட்டுவார். பிராக்டர் அண்ட் கேம்பிள் சோப்புக் கம்பெனியின் ஜேம்ஸ் கேம்பிளைத் தன் பள்ளியின் அறங்காவலராக வரும்படி அழைத்தார். அவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, நான் அறங்காவலராக இருக்க வேண்டிய பள்ளி எங்கே என்று கேட்டிருக்கிறார். சுற்றிலும் பெட்டிகளும் ஓட்டை உடைசல்களும்தான். அது என் மனதில் இருக்கிறது, அந்தக் கனவுக்குத்தான் உங்களை அழைக்கிறேன் என்று பெத்யூன் பதில் சொன்னாராம். கேம்பிள் சம்மதித்தார். கடைசிவரை உதவினார். தையல் இயந்திரக் கம்பெனி முதலாளி தாமஸ் ஒயிட் வந்தபோது பிள்ளைகள் ஒரு பழைய சிங்கர் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சிங்கர் போட்டிக் கம்பெனி! மறுபடி வந்தபோது தன் கம்பெனியின் புது மெஷினைக் கொண்டுவந்தார். பாதியில் நின்ற கட்டடத்தை முடித்துக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். சிங்கர் மெஷின் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது தற்செயல்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பள்ளியில் பொதுக்கூட்டம் நடக்கும். மாணவிகள் ஆன்மிகப் பாடல்கள் பாடுவார்கள். வெள்ளைச் சுற்றுலாக்காரர்கள் கேட்க வருவார்கள். உண்டியல் சுற்றி வரும். வெள்ளையருக்குத் தனி இருக்கை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இடம் கிடைத்த இடத்தில் யாரும் உட்காரலாம். பேருந்திலும் ரயிலிலும் தண்ணீர்க் குழாயிலும் நிறம் பார்த்த ஃபுளோரிடாவில் இது சின்ன விஷயமல்ல. உபகாரம் செய்ய வந்தவர்களை அவர் தன் விதிப்படி உட்கார வைத்தார்.

ஒரு மாணவிக்குக் கடும் குடல்வால் அழற்சி வந்தது. ஊரில் இருந்த ஒரே மருத்துவமனை வெள்ளையருக்கானது. கெஞ்சிக் கேட்ட பிறகு அறுவை சிகிச்சை செய்தார்கள். பார்க்கப் போன பெத்யூன், அந்தப் பெண்ணைக் கண்டது சமையலறைக்குப் பின்னால் இருந்த திண்ணையில். 1911இல் தன் பிறந்த வீட்டுப் பெயரால் மெக்லவுட் மருத்துவமனையைத் திறந்தார். இரண்டு படுக்கைகளோடு தொடங்கி, செவிலியர் பயிற்சியும் கொடுக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. டர்பெண்டைன் எடுக்கும் காட்டு முகாம்களில் கொத்தடிமை போலக் கிடந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் நடத்தினார்.

1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. ஃபுளோரிடாவில் வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும். அதற்கும் பெத்யூன் வசூலுக்குக் கிளம்பினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இரவு வகுப்பு வைத்தார். ஊரில் இருந்த கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலுக்கு இது பொறுக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் ஒரு தேர்தலுக்கு முந்தைய இரவு, வெள்ளை அங்கியும் முகமூடியுமாகப் பள்ளி வளாகத்துக்குள் அணிவகுத்து வந்தார்கள். பெத்யூன் வளாகத்து விளக்குகளையெல்லாம் போடச் சொன்னார். மாணவிகள் பாட ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். மறுநாள் காலை ஊரின் கறுப்பின வாக்காளர்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனார் பெத்யூன். நெடுநேரம் காக்க வைத்தார்கள். காத்திருந்து வாக்களித்தார்கள்.

1923இல் பெண்கள் பள்ளி, ஜாக்சன்வில் நகரின் குக்மன் ஆண்கள் கல்வி நிலையத்தோடு இணைந்தது. இன்றைய பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அது. குப்பைமேட்டில் எழுந்த கல்லூரிக்கு முதல்வராக ஒரு கறுப்பினப் பெண் அமர்ந்தார்.

கூழும் மீசையும்

இங்கே ஒரு கேள்வி எழத்தான் செய்யும். பெத்யூன் பள்ளியின் முழுப் பெயரிலேயே தொழிற்பயிற்சி இருந்தது. சமையல், தையல், சலவை, வீட்டு வேலை. வடக்கத்திப் பணக்காரர்கள் பணம் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கறுப்பினப் பெண்கள் நல்ல சமையல்காரிகளாக வருவார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? உயர்கல்வி வேண்டும், வாக்குரிமை வேண்டும் என்று டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸ் போன்ற கறுப்பினத் தலைவர்கள் அப்போதே உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெத்யூன் வாஷிங்டனுக்குப் போன பிறகும் இந்த விமர்சனம் விடவில்லை. தென் மாநிலச் செனட்டர்களைப் பகைத்துக்கொள்ளப் பயந்து, கும்பல் கொலைகளுக்கு எதிரான மசோதாவை ரூஸ்வெல்ட் கடைசிவரை ஆதரிக்கவில்லை. அந்த ரூஸ்வெல்ட்டை பெத்யூன் மேடைதோறும் புகழ்ந்தார்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமையல் கற்றுக்கொடுத்த அதே பள்ளியில் அவர் உயர்நிலை வகுப்புகளையும் ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டே போனார். நன்கொடையாளர் கண்ணுக்கு முன்னால் சமையலறை, அதற்குப் பின்னால் வகுப்பறை. கொடுப்பவர் எதைப் பார்க்க விரும்புகிறாரோ அதைக் காட்டிவிட்டுத் தனக்கு வேண்டியதைக் கட்டினார். அதில் ஒரு விலை இருந்தது, அதை அவர் பிள்ளைகளும் சேர்ந்தே கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வெள்ளை மாளிகையைப் புகழ்ந்த அதே பெண்மணி, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த 1939இல், வாஷிங்டனில் ஒரு மருந்துக்கடைச் சங்கிலியின் வாசலில் அட்டை பிடித்து மறியல் செய்தார். கறுப்பினத்தவரிடம் வியாபாரம் செய்துகொண்டு அவர்களுக்கு வேலை கொடுக்க மறுத்த கடை அது. இன்றைக்கு ஓர் அரசு அதிகாரி அப்படிச் செய்தால் சஸ்பென்ஷன் ஆர்டர் அன்று சாயங்காலமே வந்துவிடும்.

6 டாலர், 15 டாலர்

என் கணக்கில் பெத்யூனின் பெரிய சாதனை டேடோனாவில் நடக்கவில்லை. எல்லோரும் ஒன்றரை டாலர் கதையைத்தான் சொல்கிறார்கள். இளைஞர் நிர்வாகத்தில் அவர் செய்த சலிப்பூட்டும் அலுவலக வேலையை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

திட்டம் எளிமையானது. 16 வயதிலிருந்து 25 வரை உள்ளவர்களுக்கு. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மாதம் அதிகபட்சம் 6 டாலர். கல்லூரி மாணவருக்குச் சராசரியாக 15 டாலர். இனாம் கிடையாது. நூலகத்தில், ஆய்வகத்தில், அலுவலகத்தில் ஏதாவது வேலை பார்க்க வேண்டும். பள்ளியை விட்டவர்களுக்குத் தனியாக வேலைப் பயிற்சி. சட்டத்தில் நிறப் பாகுபாடு இல்லை. ஆனால் பணத்தை ஊரில் பகிர்ந்து கொடுப்பது மாநில அதிகாரிகள். தெற்கில் அவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். வாஷிங்டனில் கிளம்பும் பணம், மிசிசிப்பிக் கிராமத்துக் கறுப்பினப் பையனிடம் சேர்வதற்குள் எங்கெங்கே வடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெத்யூன் இரண்டு காரியங்களில் குறியாக இருந்தார். மாநில அலுவலகங்களில் கறுப்பின உதவி நிர்வாகிகளை நியமிக்க வைப்பது ஒன்று. பெயருக்கு ஓர் ஆலோசகர் போதாது, கோப்பு கைக்கு வரும் ஆள் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 27 மாநிலங்களில் அந்த நியமனங்கள் நடந்தன. அந்தக் காலத் தெற்கில் அரசு அலுவலகத்துக்குள் மேசை போட்டு உட்கார்ந்த கறுப்பின அதிகாரி என்பதே ஒரு கிளர்ச்சிதான். இன்னொன்று, கறுப்பின மாணவர்களுக்கெனத் தனி உயர்கல்வி நிதி. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் முதுகலை படிக்க அநேகமாக வழியே இல்லை. வடக்கே போக வேண்டும். செலவுக்கு எங்கே போவது? அந்த நிதியை யாருக்குக் கொடுப்பது என்ற அதிகாரம் பெத்யூன் கையில் இருந்தது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 6 லட்சம் டாலர் அப்படிப் போனது. நாட்டின் அளவுக்குச் சிறிய தொகைதான். ஆனால் அப்போது மத்திய அரசில் வேறெந்தக் கறுப்பினத்தவருக்கும் இப்படிக் கையெழுத்துப் போட்டுப் பணம் அனுப்பும் அதிகாரம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

டெக்சாஸ் மாநிலக் கிளைக்கு முதலில் இயக்குநராக நியமிக்கப்பட்டவர் அப்போது 27 வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞர். பெயர் லிண்டன் ஜான்சன். மாநில ஆலோசனைக் குழுவில் ஒரு கறுப்பினத்தவரைச் சேர் என்று வாஷிங்டன் சொன்னபோது மறுத்து, தனியாக ஒரு கறுப்பினக் குழுவை வைத்துக்கொண்டார். அதே ஆள், கறுப்பினக் கல்லூரிகளுக்குப் பணம் போவதற்கும் சத்தமில்லாமல் வழி செய்தார். 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதியும் அவர்தான். பெத்யூன் சமாளிக்க வேண்டியிருந்த மனிதர்கள் இப்படிப்பட்டவர்கள்: ஒரு கையால் தடுப்பார்கள், மறு கையால் கொடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் ஒரு கூட்டம் நடக்கும். பல துறைகளில் சிதறிக் கிடந்த கறுப்பின அதிகாரிகள் வருவார்கள். ராபர்ட் வீவர், வில்லியம் ஹேஸ்டி போன்ற ஹார்வர்டில் படித்த இளைஞர்கள். யார் துறையில் என்ன நடக்கிறது, எந்த உத்தரவு வரப்போகிறது, யாரிடம் யார் பேசுவது என்று பிரித்துக்கொள்வார்கள். பத்திரிகைகள் இதற்கு 'கறுப்பு அமைச்சரவை' என்று பெயர் வைத்தன. வழக்கறிஞர்களும் பொருளாதார நிபுணர்களும் தயாரித்துத் தரும் விவரத்தை எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போவது டீச்சரின் வேலை. அங்கே ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அவருக்கு நெருங்கிய தோழி.

1937 ஜனவரியில் வாஷிங்டனில் கறுப்பின இளைஞர் பிரச்சினைகள் பற்றித் தேசிய மாநாடு ஒன்றை நடத்தினார். எலினார் வந்து பேசினார். அரசாங்கச் செலவில், அரசாங்கக் கூரையின் கீழ், அரசாங்கத்தின் குறைகளைப் பட்டியலிட்ட மாநாடு அது. வேலை, கல்வி, சுகாதாரம், கும்பல் கொலையிலிருந்து பாதுகாப்பு என்று கோரிக்கைகளைத் தொகுத்து ஜனாதிபதிக்கே அனுப்பிவைத்தார்.

மறு ஆண்டு நவம்பரில் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் தென்னகத்து முற்போக்காளர்களின் மாநாடு. நகரச் சட்டப்படி வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பினத்தவர் மறுபக்கம் உட்கார வேண்டும். காவல்துறை ஆணையர் புல் கானர் ஆட்களோடு வந்து நின்றார். எலினார் தன் நாற்காலியை இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்தச் சம்பவம் பிரபலம். அதே மாநாட்டில் நடந்த இன்னொன்றை அங்கே இருந்த வர்ஜீனியா டர் நினைவுகூர்ந்திருக்கிறார். கூட்டத்துக்குத் தலைமை வகித்த வெள்ளைப் பெண்மணி, தென்னக வழக்கப்படி, மேரி, மேடைக்கு வருகிறாயா என்று அழைத்தார். கறுப்பினப் பெண் எத்தனை வயதானவராக இருந்தாலும் எந்தப் பதவியில் இருந்தாலும் வெள்ளையருக்கு வெறும் பெயர்தான். பெத்யூன் எழுந்து நின்றார். என் பெயர் திருமதி பெத்யூன் என்றார். தலைவர் மறுபடி, திருமதி பெத்யூன் என்று அழைத்த பிறகுதான் மேடை ஏறினார்.

பத்துக்கு ஒன்று

1935 டிசம்பரில் நியூயார்க்கில் நாட்டின் கறுப்பினப் பெண்கள் அமைப்புகளையெல்லாம் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்து தேசிய நீக்ரோ பெண்கள் பேரவையைத் தொடங்கியிருந்தார். அன்றைய வழக்கில் 'நீக்ரோ' என்பதுதான் மரியாதையான சொல். இரண்டாம் உலகப் போர் வந்து, ராணுவத்தில் பெண்கள் படை உருவாகிறது என்று தெரிந்ததும் பேரவை விழித்துக்கொண்டது. முதல் அதிகாரிப் பயிற்சி வகுப்பிலேயே இடம் வேண்டும், பிறகு பார்க்கலாம் என்ற பேச்சு வேண்டாம் என்று கேட்டார்கள். 1942 ஜூலையில் அயோவா மாநிலத்தின் ஃபோர்ட் டெமாய்ன் முகாமில் பயிற்சிக்கு வந்த 440 பெண்களில் 40 பேர் கறுப்பினத்தவர். அவர்களைத் தேர்ந்தெடுக்க உதவியவர் பெத்யூன். முகாமுக்குள் அவர்களுக்குத் தனி மேசை, தனிப் படுக்கை என்று பிரித்து வைத்தார்கள் என்பதும் உண்மை. பெத்யூன் நேரில் போய்ப் பார்த்துப் புகார் எழுதினார்.

நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியதால் 1943இல் இளைஞர் நிர்வாகம் மூடப்படும் நிலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தொடங்கியபோது அது இல்லை. அதே காலத்தில் மார்ட்டின் டைஸ் என்ற டெக்சாஸ் எம்.பி.யின் விசாரணைக் குழு பெத்யூனைக் கம்யூனிஸ்ட் பட்டியலில் சேர்த்தது. இதற்கெல்லாம் முன்பே கல்லூரி கடனில் இருந்தது. முதல்வர் வாஷிங்டனிலேயே இருந்தால் கல்லூரிக்கு யார் வசூல் செய்வது? உடம்பும் ஒத்துழைக்கவில்லை, ஆஸ்துமா படுத்தியது. 1942இல் முதல்வர் பதவியை விட்டார்.

1945இல் ஐ.நா. சாசனம் எழுதப்பட்ட சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு டு போய்ஸ், இன்னொரு கறுப்பினத் தலைவரான வால்ட்டர் ஒயிட் ஆகியோருடன் ஆலோசகராகப் போனார். ஒரு காலத்தில் அவரைப் போன்றவர்களின் பாதையை விமர்சித்த அதே டு போய்ஸ் பக்கத்து நாற்காலியில். 1952இல் நியூ ஜெர்சி மாநிலம் எங்கிள்வுட்டில் ஒரு பள்ளியில் பேச அழைத்திருந்தார்கள். கம்யூனிஸ்ட் என்ற பழைய பூச்சாண்டியைக் காட்டி உள்ளூர்க் குழு ஒன்று எதிர்க்க, கூட்டம் ரத்தானது. நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் அழைப்பு திரும்ப வந்தது. போய்ப் பேசினார்.

பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே 17. அதற்கு ஓராண்டும் ஒருநாளும் கழித்து, 1955 மே 18 அன்று டேடோனாவில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இனி, அவர் கேட்டு வாங்கியதில் கடைசியாகச் சொல்ல வேண்டியது ஒரு மனுஷி. 1937 நவம்பரில் நியூயார்க்கின் ஹார்லமில் பேரவைக் கூட்டம். எலினார் ரூஸ்வெல்ட் வருகிறார், வாசலில் நின்று அழைத்து வா என்று ஒய்.டபிள்யூ.சி.ஏ.வில் வேலை பார்த்த 25 வயதுப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்து கிளம்பியவளை பெத்யூன் நிறுத்திப் பெயர் கேட்டார். டோரதி ஹைட் என்றாள். திரும்பி வா, நீ எங்களுக்கு வேண்டும் என்றார்.

ஹைட் திரும்பி வந்தார். 1957இல் பேரவையின் தலைவரானவர் 1998 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1963 வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய மேடையில் நின்றார். பேரணியை ஏற்பாடு செய்த ஆண்கள் எந்தப் பெண்ணுக்கும் முக்கிய உரை கொடுக்கவில்லை. பெத்யூனுக்குச் சிலை வைக்கப் பல ஆண்டுகள் பணம் சேர்த்து, 1974 ஜூலை 10 அன்று வாஷிங்டனின் லிங்கன் பூங்காவில் அதைத் திறந்தார். தலைநகரின் பொதுப் பூங்காவில் ஒரு கறுப்பினத் தலைவருக்குச் சிலை எழுந்தது அதுவே முதல்முறை. நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் பெத்யூன் சிலை போனது 2022இல்தான். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி எட்மண்ட் கெர்பி ஸ்மித்தின் சிலையை எடுத்துவிட்டு, அவருக்குப் பதிலாக இவரை அனுப்பியது ஃபுளோரிடா மாநிலம்.

1995இல் ஹைட் பேரவைக்கு ஒரு கட்டடம் வாங்கினார். பென்சில்வேனியா அவென்யூ, கதவு எண் 633. ஒரு பக்கம் நாடாளுமன்றம், மறுபக்கம் வெள்ளை மாளிகை. கடனில் வாங்கிய கட்டடம். 2002இல் ஹைட்டின் 90ஆவது பிறந்தநாளையொட்டி ஓப்ரா வின்ஃப்ரே உள்ளிட்டவர்களிடம் வசூல் செய்து அந்தக் கடனை அடைத்தார்கள்.